எஸ்கோரியலில் ஸ்டெல்லாவும் நானும்

நாங்கள் குடியேறிய காப்பெல் ஊரின் நூலக வாசலில் காரை நிறுத்திக்கொண்டிருந்தபோது ஸ்டெல்லாவின் கணவர் அழைத்தார். "ஸ்டெல்லா போயிட்டா மேடம். காலைல ஏழு மணிக்கு" என்றார். ஆறு மாதமாகப் புற்றுநோய் என்று தெரிந்ததுதான். இருந்தாலும் இன்ஜினை அணைக்காமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். முதலில் வந்தது அழுகையல்ல. இனிப் போட்டிக்கு ஆளில்லை என்ற எண்ணம். அதற்காக வெட்கப்பட்டேன். அவரை அறிந்த உங்களிடம் இதை மறைத்துவிட்டு இந்த அஞ்சலியை எழுத எனக்கு மனம் வரவில்லை.

ஸ்பானிய ஓவியங்கள் உள்ள நகர அருங்காட்சியகத்தில் நாங்கள் இருவரும் வாரக்கடைசி வழிகாட்டிகள். கல்லூரியில் கலை வரலாறு கற்பிக்கும் நான், ஸ்பெயினில் இருக்கும் எஸ்கோரியலைப் பற்றிப் பன்னிரண்டு வருடம் ஆராய்ந்தவள். அரண்மனை, மடாலயம், அரச கல்லறை எல்லாம் ஒரே கட்டடமாக ஒரு மன்னர் எழுப்பிய இடம் அது. ஸ்டெல்லா தூத்துக்குடிக்காரர், மென்பொருள் நிறுவனத்தில் டெஸ்டர். எஸ்கோரியலை நாலைந்து புத்தகங்களில் படித்ததோடு சரி. ஆனால் பார்வையாளர்கள் அவர் பின்னால்தான் போவார்கள்.

மூன்று வருடங்களுக்கு முன் வழிகாட்டிகள் எல்லோரும் எஸ்கோரியலுக்கே போனோம். மன்னர் படுக்கையில் இருந்தபடியே கோயிலின் பலிபீடத்தைப் பார்க்க ஒரு திறப்பு உண்டு. "கடவுளுக்கு அடுத்த அறை தன்னுடையது என்று உலகத்துக்குக் காட்டுகிறார். இது அதிகாரம்" என்று குழுவுக்கு விளக்கினேன். ஸ்டெல்லா என் பக்கம் திரும்பி, "அவரு காலு வீங்கி நடக்க முடியாம கெடந்தாருல்லாக்கா? படுத்த எடத்துல இருந்தே பூசை காண ஆசைப்பட்டிருப்பாரு. எங்கப்பா கடைசில டிவில பூசை பாத்த மாதிரி" என்றார். அதையே ஆங்கிலத்தில் மற்றவர்களுக்கும் சொன்னார். ஒரு பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் பன்னிரண்டு வருட ஆராய்ச்சியைக் கேட்டு யாரும் அழுததில்லை.

மறுநாள் காலைப் பூசைக்கு ஸ்டெல்லா உள்ளே போய் முழங்காலிட்டார். என்னை யாரும் தடுக்கவில்லை. ஆனாலும் வெளியிலேயே நின்றேன். எனக்கு ஆய்வுப் பொருளாக மட்டும் கிடைத்த கட்டடம் அவருக்குக் கோயிலாகவும் கிடைத்துவிட்டதே என்று வயிறு எரிந்தது.

ஊர் திரும்பிய பிறகு, ஸ்பானிய ஓவியக் கண்காட்சி ஒன்றுக்கான சிறப்புரைக்கு ஸ்டெல்லாவின் பெயர் வந்தது. அருங்காட்சியகத்தார் என் கருத்தைக் கேட்டார்கள். "ஆர்வம் உண்டு, பயிற்சி போதாது" என்று எழுதி அனுப்பினேன். உரை எனக்கே வந்தது.

உரை நாளில் ஸ்டெல்லா முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். எஸ்கோரியல் பீடம் ஒன்றுக்காக மன்னர் வரையச் சொன்ன ஓவியத்தைப் பற்றிப் பேசினேன். ஒரு புனிதர் விசுவாசத்துக்காக உயிர்விடும் காட்சி. அற்புதமான படம். ஆனால் மன்னர் அதைப் பீடத்தில் வைக்காமல் வேறு இடத்துக்கு ஒதுக்கிவிட்டார்.

உரை முடிந்து ஸ்டெல்லா காபி மேசையருகே வந்தார். "படம் நல்லாருக்குன்னு ராஜாவுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? தெரிஞ்சிக்கிட்டே ஏன்க்கா ஒதுக்கினாரு?" கண்கள் என்னை விட்டு நகரவில்லை.

"பக்தியைக் கெடுத்துடும்னு பயந்திருப்பார்" என்றேன்.

"பயம்தான். சரியாச் சொன்னீங்க" என்று ஒரு கோப்பையை எடுத்து என் கையில் கொடுத்தார்.

நான் எழுதி அனுப்பியது அவருக்குத் தெரிந்திருந்தது. மன்னிப்புக் கேட்க எனக்கு எத்தனையோ சனிக்கிழமைகள் இருந்தன. நான் கேட்கவில்லை.

அடக்கப் பூசை முடிந்து கிளம்பும்போது, கல்லூரியில் படிக்கும் அவர் மகள் என்னைத் தேடி வந்தாள். "ஆன்ட்டி, கேன் ஐ டெல் யூ சம்திங்? அம்மா வாஸ் ஸோ ஜெலஸ் ஆஃப் யூ. உங்க லெக்சர் முடிஞ்சு வீட்டுக்கு வந்து அழுதாங்க. 'அவங்களுக்கு அந்த ராஜாவ கேள்வி கேக்கத் தெரியுது, எனக்குக் கும்பிடத்தான் தெரியுது'ன்னாங்க. தென் உங்க தீசிஸ டவுன்லோட் பண்ணி மூணு தடவ படிச்சாங்க. லைக், ஈவன் த ஃபுட்நோட்ஸ்."

ஸ்டெல்லாவின் தோழி என்று சொல்லிக்கொள்ளும் உரிமையை நானே கெடுத்துக்கொண்டேன். அதனால் அவருடைய பொறாமையை மட்டும் வைத்துக்கொள்கிறேன். என் ஆய்வேட்டை அடிக்குறிப்புகளோடு மூன்று முறை படித்தவர் உலகத்தில் அவர் ஒருவர்தான்.