குவார்ட்டர் டு ஃபோர்

அப்போது யுத்த காலம். எட்டாம் வகுப்பு தேறிய எனக்கு, இங்கிலீஷ் தெரியும் என்கிற கர்வம் நிறையவே இருந்தது. ஒரு மதியம், நிறைமாதமாயிருந்த என் தங்கைக்கு உதிரம் போகத் தொடங்கியது. திண்டிவனத்து டாக்டர் பார்த்துவிட்டு, "உடனே விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ" என்றார்.

ரயில் எத்தனை மணிக்கு என்று ஸ்டேஷன் மாஸ்டரை இங்கிலீஷில் கேட்டேன். "குவார்ட்டர் டு ஃபோர்" என்றார். குவார்ட்டர் என்றால் கால், ஃபோர் என்றால் நாலு. நாலேகால் என்று நானாக முடிவு செய்துகொண்டேன். தங்கையை வெளியே மாட்டுவண்டியிலேயே படுக்கவைத்துவிட்டு, சோடா வாங்கக் கடைத்தெருவுக்குப் போனேன்.

திரும்பும்போது ரயில் வந்து நிற்கிறது. ஸ்டேஷன் கடிகாரத்தில் மணி மூன்றே முக்கால். தங்கையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவள் உடம்பு சில்லிட்டிருந்தது. "அண்ணா, பயமா இருக்கு" என்று முனகினாள். அதற்குள் கார்டு பச்சைக்கொடியை விரித்துவிட்டார்.

வாசலில் மல்லாட்டைக் கடலை விற்றுக்கொண்டிருந்த அம்மாள், கூடையை அப்படியே போட்டுவிட்டு ஓடி, கார்டின் எதிரே போய் நின்றாள்.

"புள்ளத்தாச்சியத் தூக்கிக்கினு வர்றாரு சாமி, ஒரு நிமிசம் நில்லுங்க."

கார்டு கொடியை இறக்கினார். எங்களை ஏற்றிவிட்டு அவள் கேட்டாள்: "மூணே முக்கா வண்டின்னு எனக்குத் தெரியுமே, என்னாண்ட கேட்டா இன்னா தம்பி?"

விழுப்புரம் வரும்வரை தங்கையின் மூக்கருகே விரலை வைத்தபடியே உட்கார்ந்திருந்தேன். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

அண்ணன்தான் தூக்கிக்கொண்டு ஓடிக் காப்பாற்றினான் என்று இன்றும் அவள் எல்லோரிடமும் சொல்கிறாள். நான் ஒருமுறைகூட மறுத்ததில்லை.