பைபர் யோசேப்பின் ஹெட்லைட்

குச்சவெளிக்கு வடக்கே, பிரதான வீதியை விட்டுக் கடலை நோக்கி இறங்கும் எங்கள் குடியிருப்பில், உடைந்த சாமான் எதையும் எறிய விடாத மனிதர் ஒருவர் இருக்கிறார். யோசேப் அண்ணை. பைபர் படகுகளில் ஓட்டை அடைப்பது அவருடைய தொழில். கண்ணாடி நார்ப் பாயை வெட்டி வைத்து, அதன்மேல் பசையைப் பூசி, இறுகியதும் தேய்த்து விடுவார். தொழிலோடு நின்றிருந்தால் ஊர் தப்பியிருக்கும். கதிரைக் கால், தண்ணீர் வாளி, குசினிக் கதவு, என்னுடைய குடைப்பிடி, எல்லாவற்றுக்கும் பைபர்தான். கோயிலில் அந்தோனியார் சொரூபத்தின் சுண்டுவிரல் உடைந்தபோது அதையும் விடவில்லை. இப்போது அந்தக் கையில் சுண்டுவிரல்தான் எல்லா விரலிலும் பெரியது. பைபர் யோசேப் என்று கூப்பிட்டால் மனிதர் கோபிக்க மாட்டார், உள்ளூரப் பெருமைப்படுவார்.

அவரிடம் பழைய ஹொண்டா மோட்டார் சைக்கிள் ஒன்று உண்டு. உப்புக்காற்றில் நின்று நின்று அதன் முன்விளக்கைத் தாங்கும் இரும்பு கறள் பிடித்து, மாதா பெருநாளுக்கு முதல் வாரம் கையோடு கழன்று வந்தது. கடைக்குப் போகிற ஆளா அவர்? பைபரில் புதுத் தாங்கி ஒன்று செய்தார். விளக்கு உட்காரும் கிண்ணத்தையும் சுற்றிப் பூசி, கறுப்பு மையடித்துப் பூட்டினார். தான் செத்தாலும் இனி அது கறள் பிடிக்காது என்று மனைவி எல்சி அக்காவிடம் சொன்னாராம். பட்டப்பகலில் செய்த வேலை. விளக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

அந்த விளக்கின் அருமை வெளியூர்க்காரருக்கு விளங்காது. எங்கள் கரைக்கு முன்னால் கடலுக்குள் கல் நிறைந்து கிடக்கிறது. படகு நுழைய ஒரேயொரு இடைவெளி, அதை வாய் என்போம். இருட்டிய பிறகு படகு வருவதென்றால், அந்த வீட்டு ஆள் ஒருவர் மோட்டார் சைக்கிளைக் கரையில் வாய்க்கு நேரே நிறுத்தி, ஹெட்லைட்டைக் கடலுக்கு அடிக்க வேண்டும். வருகிறவன் அந்த வெளிச்சத்தைப் படகின் மூக்குக்கு நேரே வைத்துக்கொண்டு உள்ளே வருவான். படகு கடலில் இருக்கும் வரை வீட்டு மோட்டார் சைக்கிள் ஊரை விட்டுப் போகாது. கல்யாண வீடு, செத்த வீடு எதுவானாலும் சரி.

பெருநாளன்று யாரும் கடலுக்குப் போவதில்லை. ஆனால் யோசேப் அண்ணையின் மருமகன் டிலுக்ஷன் முதல்நாள் கடலில் விரித்துப் படுத்த வலையை எஞ்சின் கோளாறால் எடுக்காமல் வந்திருந்தான். விட்டால் வலை போய்விடும் என்று மத்தியானம் தனியே புறப்பட்டான். எல்சி அக்கா மறித்துப் பார்த்தார், கேட்கவில்லை. ஊர் முழுக்க பஸ் பிடித்துத் திருகோணமலைக்கு மாதாவின் தேர்ச் சுற்றுப்பிரகாரம் பார்க்கப் போனோம். யோசேப் அண்ணையின் மகள், டிலுக்ஷனின் மனைவி அஞ்சலினா குழந்தையோடு என் பக்கத்து சீற்றில் இருந்தாள். யோசேப் அண்ணை மட்டும், வழக்கப்படி, மோட்டார் சைக்கிளோடு நின்றுவிட்டார்.

பின்னேரம் இடியோடு மழை கொட்டி ஓய்ந்தது. கரண்ட் போனது. கொண்டல் காற்று கரையைப் பார்த்து வீசத் தொடங்கியது. இருட்டத் தொடங்கும் மைம்மலில் யோசேப் அண்ணை மோட்டார் சைக்கிளைக் கரைக்குத் தள்ளிக்கொண்டு போய், உதைத்து எஞ்சினை எழுப்பி, விளக்கின் சுவிச்சைப் போட்டார். எரியவில்லை. திரும்பவும் போட்டார். திரும்பவும் இருட்டு.

அந்த நேரம் பார்த்து டிலுக்ஷனின் அழைப்பு வந்தது.

"மாமா, எஞ்சின் நிண்டு நிண்டுதான் ஓடுது. நங்கூரமும் பிடிக்குதில்ல, காத்து கல்லுப் பக்கமாத் தள்ளுது. வாயைக் காணேல. வெளிச்சத்தைப் போடுங்கோ."

இந்தா போடுகிறேன் என்று சொல்லிவிட்டு யோசேப் அண்ணை விளக்கின் கண்ணாடியைக் கழற்றினார். அவசரத்தில் ஆணி ஒன்று மணலில் விழுந்து போனது. பல்ப்பை எடுத்துக்கொண்டு தன் வேலைக் கொட்டிலுக்கு ஓடி, அங்கிருந்த பற்றரியில் வைத்துப் பார்த்தார். நன்றாக எரிந்தது. திரும்பி ஓடி வந்தார். பின்விளக்கு எரிகிறது, ஹோர்ன் அடிக்கிறது, முன்விளக்கு மட்டும் செத்துக் கிடக்கிறது. சுவிச்சைப் பிரித்தார். உள்ளே உப்புப் பூத்துப் பச்சையாக இருந்தது. இதுதான் குற்றவாளி என்று கத்தியால் சுரண்டி, பெற்றோல் விட்டுத் துடைத்து, திரும்பப் பூட்டினார். ஒன்றும் நடக்கவில்லை.

போன் ரோர்ச்சைத் தூக்கிப் பிடித்தார். கடலிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை என்றான் மருமகன். தென்னோலையைக் கொளுத்தினார். நனைந்த ஓலை புகைந்து அவருடைய கண்ணைத்தான் கெடுத்தது. ஊருக்குள் ஓடினார். சிலர் மோட்டார் சைக்கிளிலேயே பெருநாளுக்குப் போயிருந்தார்கள், மிச்சமானவை பூட்டிய வீடுகளுக்குள் நின்றன. சாவிகளோ எங்கள் சட்டைப் பைகளில், திருகோணமலைத் தெருவில்.

ரோர்ச்சைப் பல்லில் கடித்தபடி வயர்களைப் பார்த்தார். பல்ப்புக்கு இரண்டு வயர் வந்தன. பைபர் படகில் இரும்பு உடம்பு கிடையாது, அதனால் ஒவ்வொரு விளக்குக்கும் மின்சாரம் போக ஒரு வயர், திரும்பி வர ஒரு வயர். வாழ்நாள் முழுக்க அவர் கண்டது அதைத்தான். ஒன்றில் போகிறது, மற்றதில் வருகிறது, இரண்டும் அறாமல் இருக்கின்றன, பிறகு ஏன் எரியவில்லை? சுவிச்சிலிருந்து பல்ப் வரை விரலால் தடவினார். திரும்ப ஒருமுறை தடவினார். அழுகை வந்தது, அதற்கும் நேரம் இல்லை.

மறுபடி போன். இம்முறை அஞ்சலினா. நான் அவளுக்குப் பக்கத்தில்தான் நின்றேன். மாதாவின் தேர் சந்தியில் திரும்பிக்கொண்டிருந்தது.

"அப்பா, அவர் வந்திட்டாரோ?"

"ஓம் பிள்ளை, வந்திட்டார். கிணத்தடியில குளிக்கிறார்."

அவள் சிரித்துக்கொண்டு போனை வைத்தாள். நாங்கள் கடலை வாங்கித் தின்றோம். 

பொய் சொல்லிவிட்டு மனிதர் டிலுக்ஷனை அழைத்தார். அவனுடைய போன் செத்திருந்தது. கடலில் அலைச் சத்தத்தைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. இனி அவன் எங்கே நிற்கிறான் என்று கேட்கவும் வழி இல்லை. அவருக்குப் பைத்தியம் பிடித்தது போலாகிவிட்டது. பல்ப்பை வயரோடு கிண்ணத்திலிருந்து பிடுங்கி இழுத்தார். அந்த ஆத்திரத்தில் பல்ப்பின் பித்தளைக் கழுத்து ஹாண்டில் இரும்பில் போய் முட்டியது.

பளிச்சென்று எரிந்தது.

கிண்ணத்தில் வைத்தார், நூர்ந்தது. இரும்பில் வைத்தார், எரிந்தது. அப்போதுதான் அவருக்கு விஷயம் பிடிபட்டது. இரண்டு வயரும் போகிற வயர்கள், ஒன்று தூர வெளிச்சத்துக்கு, மற்றது கிட்ட வெளிச்சத்துக்கு. திரும்பி வருகிற வழி மோட்டார் சைக்கிளின் இரும்பு உடம்புதான். விளக்குக்கும் அந்த உடம்புக்கும் நடுவில் இப்போது இருந்தது அவருடைய கறள் பிடிக்காத பைபர். தன் கையால் தானே வழியை அடைத்திருக்கிறார். தன்னைத் தானே தூஷணத்தில் திட்டிக்கொண்டு கொட்டிலுக்கு ஓடி, ஒரு செப்புக் கம்பித் துண்டோடு வந்தார்.

கம்பியின் ஒரு நுனியைப் பல்ப்பின் கழுத்தில் செருகி, பல்ப்பைக் கிண்ணத்தில் வைத்தார். மற்ற நுனியை, ஹாண்டில் இரும்பில் மை சுரண்டிய ஆணி ஒன்றின் மேல் இடது கையால் அழுத்தினார். வெளிச்சம் கடல்மேல் போய் விழுந்தது. ஆனால் அக்சிலேற்றரை முறுக்கினால்தான் அது தூரம் போகும், விட்டால் மங்கும். வலது கை அதற்கு வேண்டும். கம்பியைக் கட்டி முடிக்க மூன்றாவது கை இல்லை. ஆகவே அப்படியே நின்றார், ஒரு கையால் முறுக்கிக்கொண்டு, மற்றக் கையால் அழுத்திக்கொண்டு.

வெளிச்சத்தில் தெரிந்ததெல்லாம் நுரையும் கல்லும்தான். படகு இல்லை. பிந்திவிட்டேன் என்று நினைத்தார். அஞ்சலினாவுக்குச் சொன்ன பொய் நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது. கம்பி விரலை அறுத்தது. அவனைக் கொண்டுவந்து விடு, உன் விரலை உடைத்து வடிவாகச் செய்து தருகிறேன் என்று அந்தோனியாரிடம் சத்தமாகவே கெஞ்சினார். இதை அவரே பிறகு எங்களுக்குச் சொன்னார். ஒருவரும் சிரிக்கவில்லை.

எவ்வளவு நேரம் நின்றார் என்று அவருக்கே தெரியாது. காற்றுக்குள் எஞ்சின் சத்தம் இருமி இருமிக் கேட்டது. பிறகு வெளிச்சத்துக்குள் படகின் மூக்கு வந்தது. ஒரு பக்கம் கல்லில் உரசிய சத்தம் கரை வரைக்கும் கேட்டது, ஆனால் வாய்க்குள் வந்துவிட்டது. டிலுக்ஷன் இடுப்பளவு தண்ணீரில் குதித்து, படகை இழுத்து மணலில் ஏற்றிவிட்டு மாமனாரிடம் வந்தான். அவர் அசையவில்லை. எஞ்சின் அலறிக்கொண்டிருந்தது. கண் இன்னும் கடலில்தான்.

"மாமா, கையை விடுங்கோ."

"விட்டா நூந்திடும்."

"நூரட்டும் மாமா. நான் கரையில நிக்கிறன்."

இரண்டு கையையும் விட்டார். ஒரேயடியாக இருட்டானது. அந்த இருட்டுக்குள் அவர் துழாவி, மருமகனின் நனைந்த சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். எங்கள் பஸ் கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கைக்குள் திரும்பி, அதன் வெளிச்சம் இருவர் மேலும் விழும் வரை அந்தப் பிடியை விடவில்லை.

அஞ்சலினா குழந்தையைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாக இறங்கினாள். குளித்த மனிதர் ஏன் உடுப்போடு நனைந்து நிற்கிறார் என்று தகப்பனிடம் கேட்டாள். யோசேப் அண்ணை அப்போதுதான் வாய்விட்டு அழுதார். நாங்கள் பார்க்காத மாதிரி, பஸ்ஸிலிருந்து சாமான்களை இறக்கிக்கொண்டிருந்தோம்.