சமாதிக்குப் போகும் வழி

மேல்முறையீட்டில் சாட்சிகள் கிடையாது. அழுதவர்கள், சத்தம் போட்டவர்கள், கூண்டில் ஏறித் தடுமாறியவர்கள் எல்லாரும் கீழ்க் கோர்ட்டோடு முடிந்துபோவார்கள். அவர்கள் சொன்னது தட்டச்சாகி, ஒரு கட்டாக மேலே வரும். கட்சிக்காரர் வரவேண்டிய அவசியமும் இல்லை. ஓசூரில் சிவில் வழக்கறிஞராக என் நாட்களில் பாதி, யாருமில்லாத அறையில் அந்தக் காகிதங்களைப் படித்தே போயிருக்கிறது. மீதிப் பாதி, பெரும்பாலும் காலியாக இருக்கும் கோர்ட் ஹாலில் நீதிபதி ஒருவரைப் பார்த்துப் பேசியதில் போனது.

வரவேண்டாம் என்று சொன்ன பிறகும் ஒவ்வொரு வாய்தாவுக்கும் வந்தவர் ஒருவர்தான். சூளகிரிக்குப் பக்கத்துக் கிராமத்து விவசாயி. கொத்தமல்லியும் தக்காளியும் போடுகிறவர். வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, பஸ் பிடித்து வந்து, கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். வழக்கை ஒத்திவைத்ததும் எழுந்து வந்து, "அடுத்தது எப்பங்க?" என்பார். தேதியைச் சொன்னால் தலையை ஆட்டிவிட்டுப் போவார்.

அவர் வழக்கு இதுதான். அவருடைய மனைவி இறந்தபோது குடும்ப நிலம் பாகம் பிரிக்கப்படாமல் இருந்தது. அந்தப் பக்கத்து வழக்கப்படி சொந்த நிலத்தின் ஓர் ஓரத்தில் அடக்கம் செய்து, மேலே சிமென்ட்டில் சின்னதாக ஒரு மேடை கட்டினார்கள். பிறகு பாகம் பிரித்தபோது அந்த ஓரம் தம்பி பங்கில் போயிற்று. தம்பிதானே என்று யாரும் பத்திரத்தில் ஒன்றும் எழுதவில்லை. தொழிற்பேட்டை வந்து நிலத்துக்கு விலை ஏறியதும் தம்பி தன் பங்கை விற்றுவிட்டு பெங்களூர்ப் பக்கம் போய்விட்டார். வாங்கியவர் லேத் ஷெட் போட்டார். சுற்றிலும் காம்பவுண்டு எழுப்பி கேட் வைத்தார். ஒரு அமாவாசைக்குப் பூவோடு போனவரை வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. அவர் நேராகக் கோர்ட்டுக்குப் போய்விட்டார்.

முன்சீப் கோர்ட்டில் தோற்ற பிறகுதான் என்னிடம் வந்தார். அந்தத் தீர்ப்பைப் படித்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. வழி உரிமை கேட்பவருக்கு, அந்த வழி போய்ச் சேரும் இடம் சொந்தமாக இருக்க வேண்டும். இங்கே மனைவி படுத்திருக்கும் இடமே அவருடையது இல்லை.

"ஜெயிக்கிறது கஷ்டம்ங்க," என்றேன்.

"தெரியுதுங்க. போடுங்க, பாக்கலாம்."

"எதுக்கு இத்தனை தூரம்?"

"அவ அங்க இருக்கறா. நான் இங்க இருக்கறன். நடுவுல ஒரு கேட்டு. இது எந்த ஊரு நியாயம்ங்க வக்கீலம்மா?"

அந்தக் கேள்விக்கு ஒரு சட்டப்பிரிவு தேடித்தான் நான் பல மாலைகளைச் செலவிட்டேன். ஆபீஸ் மாடியில்தான் என் வீடும். கோவில்பட்டியிலிருந்து, இங்கே கம்பெனியில் வேலை பார்த்த என் கணவரோடு வந்தவள் நான். அவர் மாரடைப்பில் போன பிறகு ஊருக்கு வந்துவிடச் சொல்லி அண்ணன் வற்புறுத்தினான். நிலுவையில் இருக்கும் வழக்குகளை விட்டுவிட்டு எப்படி வர முடியும் என்று சொன்னேன். சிவில் வழக்கு எதுவும் சீக்கிரத்தில் முடியாது என்பது அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். மகள் தொலைதேசத்தில் இருக்கிறாள். அவளுக்கு விடியும்போது எனக்கு இருட்டும்.

சப் கோர்ட்டில் முதல் மேல்முறையீட்டில், இந்தப் பகுதி விவசாயிகள் முன்னோர் சமாதிக்குப் போய்வருவது நெடுங்கால வழக்கம் என்று வாதாடினேன். நீதிபதி பொறுமையாகக் கேட்டார். ஊர் முழுக்கப் போகிற இடம் என்றால் வழக்கம் எனலாம், ஒரு குடும்பம் போவது வழக்கமாகாது என்று எழுதித் தள்ளுபடி செய்தார். அவர் தீர்ப்பைப் படித்தபோது கடைசி பெஞ்சில் இருந்த என் கட்சிக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். தீர்ப்பு ஆங்கிலத்தில் இருந்தது. ஆனாலும் அவருக்குப் புரிந்திருந்தது. என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டிருப்பார்.

அடுத்தது ஹைகோர்ட். இரண்டாம் மேல்முறையீட்டில் சட்டக் கேள்வி இருந்தால் மட்டுமே எடுத்துக்கொள்வார்கள். அதை வீடியோ வழியாகவே நடத்த முடிந்தது. ஆபீசில் கவுன் போட்டு, கழுத்துப் பட்டை கட்டி, சத்தம் கேட்காமலிருக்க ஃபேனை நிறுத்திவிட்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்தேன். அன்றும் வந்திருந்த என் கட்சிக்காரர் மேஜைக்கு எதிர்ப்பக்கம், கேமராவில் விழாத இடத்தில் உட்கார்ந்துகொண்டார். வெளியே கம்பெனி பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

எங்கள் முறை வந்தது. கட்டம் கட்டமான திரையில் ஒரு கட்டத்தில் நீதிபதி இருந்தார். நான் பேசினேன். தயார் செய்து வைத்ததில் பாதியைக்கூடச் சொல்லவில்லை. "உங்கள் கட்சிக்காரர் மேல் எனக்கு அனுதாபம் இருக்கிறது. ஆனால் அனுதாபம் சட்டக் கேள்வி ஆகாது," என்று ஆங்கிலத்தில் சொன்னார் நீதிபதி. குரலில் கடுமை இல்லை. தொடக்க நிலையிலேயே தள்ளுபடி. அடுத்த வழக்கை அழைத்தார்கள். நான் வெளியேறும் பொத்தானைத் தொட்டேன். திரையில் என் முகம் மட்டும் ஒரு நொடி நின்றுவிட்டு மறைந்தது.

ஹைகோர்ட்டுக்கு நேரில் போய்த் தோற்றால் வராந்தாவில் நாலு வக்கீல்கள் இருப்பார்கள். ஒருவர் தோளைத் தட்டுவார், ஒருவர் டீ குடிக்கக் கூப்பிடுவார். இங்கே எதிரில் அவர் மட்டும் இருந்தார்.

"முடிஞ்சுதுங்களா?"

"முடிஞ்சுது."

"அந்த அய்யா நல்லவருங்களா?"

"நல்லவர்தான்."

"அப்ப சரிங்க," என்று எழுந்து, தானே போய் ஃபேன் சுவிட்சைப் போட்டார்.

அதற்குப் பிறகு நான் செய்தது வக்கீல் வேலையில் சேராது. எதிர்த்தரப்பு வக்கீல் என்னைவிட மூத்தவர். பார் அசோசியேஷன் அறையில் அவரிடம் போய், "சார், கேஸ் உங்களுக்கு ஜெயிச்சாச்சு. இப்ப கேஸா இல்லாம ஒண்ணு கேக்கலாமா?" என்றேன். அவர் பேப்பரை மடித்துவைத்துவிட்டு அங்கேயே தன் கட்சிக்காரருக்குப் போன் போட்டு என்னிடம் கொடுத்தார்.

மறுமுனையில் ஒலித்தது என் ஊர்ப்பக்கத்துத் தமிழ். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து ஃபிட்டராக வந்து, சொந்தமாக ஷெட் போட்டவர்.

"மேடம், பெரியவரு அன்னைக்கே எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தாருன்னா கேட்டைத் தொறந்து விட்டுருப்பேன். நோட்டீஸுல்ல வந்துச்சு! நானும் வீம்புக்கு வக்கீலப் புடிச்சேன். ஞாயித்துக்கெழம மெஷினு ஓடாது. வந்துட்டுப் போகச் சொல்லுங்க. எப்ப வேணாலும்."

அதைச் சொன்னபோது பெரியவர் முகம் மலரும் என்று நினைத்தேன். அவர் யோசித்தார்.

"அவரு நாளைக்கு வேற ஆளுக்கு வித்துட்டா?"

"அப்போ அந்த ஆளைக் கேக்கணும்."

"அதுக்குத்தாங்க கோர்ட்டுக்கு வந்தன். யாரையும் கேக்காம போகணும்னு."

சில நாள் கழித்து அவரே போன் செய்து, "ஞாயித்துக்கெழம போயிட்டு வரன்ங்க. நீங்களும் கூட வந்தா தேவல," என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சூளகிரி பஸ் ஸ்டாப்பிலிருந்து அவரை என் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போனேன். கையில் ஒரு பையில் சாமந்தி. ஷெட்காரரே கேட்டைத் திறந்தார். ஓர் ஓரமாக இரும்புச் சுருள்கள் நிரம்பிய டிரம்கள், அவற்றைத் தாண்டி சிமென்ட் மேடை. சுற்றிலும் பெருக்கியிருந்தது. மேடைமேல் ஊதுபத்திச் சாம்பல்.

"யாருங்க பத்தி வெக்கறது?" என்றார் பெரியவர்.

"நம்ம ஒடிசா பயலுகதான்யா. இங்கிட்டு ராத்திரி ஷிப்டு பாக்க அவனுகளுக்குப் பயம். தெனமும் ஒண்ணு கொளுத்திட்டுத்தான் மெஷினத் தொடுவானுக."

பெரியவர் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மேடை அருகே போய்ப் பூவை வைத்தார். மண்டியிடவோ அழவோ இல்லை. தன் தாய்மொழியான தெலுங்கில், வீட்டில் பேசுகிற குரலில், ஏதோ சொன்னார். வழக்குகளிலிருந்து நான் கற்ற தெலுங்குக்கு மழை, தக்காளி என்ற வார்த்தைகள்தான் பிடிபட்டன. சீக்கிரமே திரும்பி வந்து, "போலாம்ங்க," என்றார். அத்தனை வருஷம் கேட்டது இந்தச் சிறிது நேரத்துக்குத்தானா என்று தோன்றியது. ஆனால் வீட்டுக்குள் போனவர் எவ்வளவு நேரம் இருந்தார் என்று யார் கணக்குப் பார்ப்பார்கள்?

திரும்பும்போது பின்னாலிருந்து கேட்டார்.

"உங்க ஊட்டுக்காரரு எங்கங்க இருக்கறாரு?"

அவரிடம் நான் எதுவும் சொன்னதில்லை. யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

"எரிச்சாச்சுங்க. கடல்ல கரைச்சுட்டோம்."

கொஞ்ச தூரம் போன பிறகு, "அப்ப போயி நிக்க ஒரு எடமும் இல்லீங்களா," என்றார்.

நான் லாரிகளுக்கு நடுவே வண்டியை ஓட்டினேன். பஸ் ஸ்டாப்பில் இறங்கியதும் பழக்க தோஷத்தில், "அடுத்தது எப்பங்க?" என்றார். சொன்ன பிறகுதான் உறைத்தது. இருவரும் சிரித்தோம். அப்புறம் பஸ் வரும்வரை சும்மா நின்றோம். சிவில் வழக்கில் கட்சிக்காரரோடு பழகுவது வருஷக்கணக்கில். முடிந்த மறுநாளிலிருந்து அவர் வர ஒரு காரணமும் இருப்பதில்லை. விடைபெற்றுக்கொள்ளும் முறை எதுவும் எங்கள் தொழிலில் ஏற்படவில்லை.

அதன் பிறகு ஞாயிறுதோறும் அவர் தானே ஷெட்டுக்குப் போய்வந்தார். போன மாதம் ஷெட்காரர் போன் செய்தார். "பெரியவரக் காணோம் மேடம். நாலஞ்சு வாரமாச்சு. ஒடம்புக்கு ஏதுமா?"

பயந்துகொண்டேதான் பெரியவருடைய எண்ணுக்கு அடித்தேன். அவரே எடுத்தார். முழங்கால் மோசமாகி, கர்நாடகத்து மாலூரில் மகள் வீட்டில் இருக்கிறாராம். பின்னால் குழந்தைகள் கன்னடத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"இங்க எல்லாரும் இருக்கறாங்க. நல்லாத்தான் பாத்துக்கறாங்க. பேசத்தான் ஆளு இல்ல," என்றார். பிறகு, "அங்க பத்தி வெக்கறாங்களாமா?"

"கேட்டேன். வெக்கிறாங்களாம்."

"சரிங்க. நீங்க சாப்ட்டீங்களா?"

சாப்பிட்டேன் என்றேன். அவர் போனை வைத்துவிடவில்லை, நானும் வைக்கவில்லை. தக்காளி விலை, கால்வலி, மாலூர்த் தண்ணீர் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் ஒவ்வொன்றுக்கும் நிதானமாகப் பதில் சொன்னார்.