பி பக்கத்துப் பாட்டு

என் சின்ன மாமா ஒரு ராக் குழு வைத்திருந்தார். மலேசியாவில், ஜொகூர் மாநிலத்து ஸ்கூடாயில் ஒரு மோட்டார் சைக்கிள் பட்டறைக்கு மேலே இருந்த அறையில் நான்கு பேர் ஞாயிற்றுக்கிழமைதோறும் கூடி வாசிப்பார்கள். சத்தம் தாங்க முடியவில்லை என்று கீழே இஞ்சினை முடுக்கிக்கொண்டிருப்பவர்களே மேலே வந்து முறையிட்டதுண்டு. மாமா கித்தார் வாசித்துக்கொண்டே பாடுவார். தோள்வரை முடி. வார நாட்களில் அந்த முடியைத் தொப்பிக்குள் சுருட்டி மறைத்துக்கொண்டு, பாலம் தாண்டி சிங்கப்பூரில் ஒரு கிடங்குக்கு வேலைக்குப் போவார்.

எனக்குப் பதினோரு வயதானபோது அந்தக் குழு ஒரு கேசட் போட்டது. முழு ஆல்பத்துக்கு அவர்களிடம் பாட்டு இல்லை. ஏ பக்கம் மாமா எழுதிப் பாடிய காதல் பாட்டு. அதில் ‘தீயே’ என்ற சொல் பதினாறு தடவை வரும். பி பக்கத்தில் இரண்டு. ஒன்று பாட்டே இல்லாத வெறும் கித்தார் இசை. இன்னொன்று அம்மா பாடியது.

அம்மா பாடகி இல்லை. தொலைக்காட்சிப் பெட்டிக்கு உள்பாகங்கள் பொருத்தும் தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். ஒலிப்பதிவு நாளில் தம்பி பட்டினி கிடப்பானே என்று தூக்குச்சட்டியில் சோறு எடுத்துக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு ஜொகூர் பாருவில் இருந்த ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போனாள். மற்ற இரண்டும் பதிவாகி முடிந்தபோது பி பக்கத்தில் நாடா மிச்சம் இருந்தது.

“அக்கா, துணி காயப்போடுறப்ப நீ ஒண்ணு பாடுவியே, அதப் பாடு,” என்றார் மாமா.

“போடா, அதெல்லாம் ஒரு பாட்டா?” என்றாள் அம்மா. ஆனாலும் ஒலிவாங்கிக்கு முன்னால் போய் நின்றாள். அது அவளாகவே கட்டிய பாட்டு.

*ஏழு மணி பஸ்ஸே, என்ன விட்டுப் போகாதே,*
*எண்ணெ காயுது அடுப்புல, இன்னும் சோறு வேகல.*

டிரம் வாசிக்கும் சீன நண்பரை எல்லோரும் ஆ கியோங் என்று கூப்பிடுவார்கள். அவருக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. அம்மா இரண்டாவது வரிக்கு வருவதற்குள் அவருடைய குச்சிகள் தாமாகவே உள்ளே நுழைந்துவிட்டன. பிறகு கித்தாரும் சேர்ந்துகொண்டது. ஒரே தடவைதான் பாடினாள். முடித்ததும், எல்லோரும் சாப்பிட்டாயிற்றா என்று கேட்டாள்.

தன் பெயரைக் கேசட்டில் போடக் கூடாது என்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். கூட வேலை செய்யும் பெண்கள் கேலி செய்வார்களாம். அட்டையில் அந்தப் பாட்டுக்கு நேரே ‘பெண் குரல்’ என்று அச்சாகியது.

அடுத்த மாதம் வானொலியிலிருந்து கடிதம் வந்தது. உள்ளூர்க் கலைஞர்களுக்காக ஞாயிறு மதியம் ஒரு நிகழ்ச்சி இருந்தது. ஒரு பாட்டைப் போட்டு, உடனே நேயர்களைத் தொலைபேசியில் பேசச் சொல்வார்கள். உங்கள் கேசட்டிலிருந்து எந்தப் பாட்டைப் போடலாம் என்று கேட்டிருந்தார்கள். மாமாவுக்கு அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஆ கியோங் கித்தார் இசைதான் உசத்தி என்றார், மற்ற இருவரும் ஆளுக்கு ஒரு பக்கம் பேசினார்கள். சரி, கேட்கிறவர்களையே கேட்டுவிடலாம் என்று முடிவாயிற்று. அந்த வேலை எனக்கு வந்தது. என் கையெழுத்து நன்றாக இருக்கும், பள்ளி விடுமுறையும் விட்டிருந்தார்கள்.

“மூணு பாட்டையும் போட்டுக் காட்டணும். அவங்க சொல்றத அப்படியே எழுதணும். பொய் எழுதக் கூடாது, என்னா?” என்று மாமா ஒரு புது நோட்டையும் தம்முடைய டேப் ரெக்கார்டரையும் கொடுத்தார். அதைத் தோளில் மாட்டிக்கொண்டு எங்கள் தாமான் குடியிருப்பில் தெருத்தெருவாக நடந்தேன். மாமாவின் பாட்டு ஜெயிக்கும் என்று நானும் நம்பினேன். அதற்காக நோட்டில் ஏ பக்கத்துக்கு ஆறு தாள்கள் ஒதுக்கியிருந்தேன்.

முதலில் முடிதிருத்தும் கடை. கடைக்காரர் கத்தரியை நிறுத்தி மாமாவின் பாட்டை முழுதாகக் கேட்டார். “இத்தன தீ எரியுதே, தீயணைப்பு வண்டியக் கூப்பிட்டாங்களா?” என்றார். நாற்காலியில் பாதி முடியோடு இருந்தவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சொன்னதை எழுதினேன். வெளியே வந்ததும் அந்தத் தாளை மடித்துவிட்டேன்.

சாப்பாட்டுக்கடை பாய் கித்தார் இசை ஓடும்போது, “பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?” என்று இரண்டு தடவை கேட்டார். அம்மாவின் பாட்டு வந்ததும் தேநீர் ஆற்றும் கை அந்தத் தாளத்துக்கு ஏறி இறங்கியது. மாக்சிக் என்று நாங்கள் கூப்பிடும் பக்கத்து வீட்டு மலாய்ப் பெண்மணிக்கு ‘பஸ்’ என்ற ஒரு சொல்தான் புரிந்தது. அது போதுமாக இருந்தது. “லாகி சத்து காலி லா,” என்று மறுபடி மறுபடி போடச் சொன்னார். நான்காவது தடவையில் பேட்டரி இழுத்துக்கொண்டது. என் தமிழாசிரியை, ‘எண்ணெ’ என்பது பிழை, ‘எண்ணெய்’ என்றுதான் பாட வேண்டும் என்றார். சிவப்பு மையால் அதை என் நோட்டிலேயே திருத்தினார். பிறகு, பாடியது யார் என்று மெதுவாகக் கேட்டார். தெரியாது என்றேன்.

கடைசியாகத் தொழிற்சாலைப் பஸ் நிற்கும் இடம். காலையில் அங்கே இருபது பெண்களாவது நீலச் சட்டையோடு நிற்பார்கள். அம்மாவும் அவர்களில் ஒருத்தி. நான் டேப்போடு வருவதைப் பார்த்ததும் கண்ணாலேயே மிரட்டினாள். அதற்குள் ஒரு அக்கா, “என்னா பாட்டு, போடு போடு,” என்று விசையை அழுத்திவிட்டார்.

பாட்டு ஓடியது. முடிந்ததும் அந்த அக்காவே நாடாவைப் பின்னுக்கு ஓட்டினார். இரண்டாம் தடவை எல்லோரும் கூடவே பாடினார்கள். “யாருடி இது, நம்ம அடுப்பயே பாத்துப் பாடுன மாதிரி இருக்கு?” என்றார் ஒருவர். அம்மா குனிந்து செருப்பின் வாரைச் சரிசெய்துகொண்டிருந்தாள். பஸ் வந்து ஏறும்வரை அது சரியாகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பட்டறை மாடியில் நோட்டைப் படிக்கச் சொன்னார்கள். பஸ் பாட்டுக்குத் தாள் போதாமல் ஏ பக்கத்துக்கு ஒதுக்கிய தாள்களிலும் எழுதியிருந்தேன். படிக்கப் படிக்க என் குரல் இறங்கியது. மாமா கையை நீட்டி நோட்டை வாங்கிக்கொண்டார். முதல் தாளிலிருந்து தாமே படித்தார். மடித்திருந்த தாளையும் பிரித்துவிட்டார். தீயணைப்பு வண்டியை அவர் உரக்கப் படித்து மலாயில் சொன்னதும் ஆ கியோங் தரையில் உருண்டு சிரித்தார். மாமாவும் சிரித்தார், சற்றுத் தாமதமாக.

“சரி, பஸ் பாட்டையே போடச் சொல்லலாம்,” என்றார்.

வீட்டில் அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. “உன் குழுடா அது. உன் பாட்டப் போடாம எதுக்கு என்னோடத? நாளைக்கு நான் வேலைக்குப் போவ வேணாமா?”

“பேரு சொல்ல மாட்டோம்க்கா. கேக்குறவங்க சொல்லிட்டாங்க, நான் என்ன பண்றது?”

நிகழ்ச்சி நாளன்று எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார இடமில்லை. ஆ கியோங் வந்திருந்தார், மாக்சிக் வந்திருந்தார், அப்பா லாரியை எடுக்காமல் வீட்டில் இருந்தார். மாமா மட்டும் இல்லை. சிங்கப்பூரில் ஓவர்டைம் என்று சொல்லியிருந்தார். அம்மா அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை.

வானொலியில் அம்மாவின் குரல் கேட்டது. பிறகு ஆ கியோங்கின் குச்சிச் சத்தம். மலேசியா முழுவதும் அந்தக் குரல் போய்க்கொண்டிருக்கிறது என்பதை என்னால் நம்பவே முடியவில்லை. பாட்டு முடிந்ததும் அழைப்புகள் வந்தன. ஈப்போவிலிருந்து ஒரு பெண், தானும் ஏழு மணி பஸ்ஸைத் தவறவிட்டவள்தான் என்றார். செடெனாக் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் இன்னொரு தடவை போடச் சொன்னார். அறிவிப்பாளர் தொலைபேசி ஓயவில்லை என்று சிரித்தார். ஒவ்வொரு அழைப்புக்கும் கூடத்தில் கைதட்டல் எழுந்தது. அப்பா அடுப்படிப் பக்கம் திரும்பி, “இங்க வந்து கேளேன்,” என்று கத்தினார். அம்மா கரண்டியோடு வாசலில் வந்து நின்றாள்.

அப்போது தொண்டை கட்டியதுபோல் கரகரத்து ஒரு ஆண்குரல் வந்தது.

“வணக்கம். ஜொகூர்லேர்ந்து பேசுறேன். நான் நெறைய ராக் பாட்டு கேட்டவன். எல்லாரும் தீயி, நெருப்புன்னு கத்துறாங்க. இவங்க ஒரு பஸ்ஸப் பத்திப் பாடுறாங்க, எனக்கு அழுக வருது. கேசட்டுல இவங்க பேரு இல்ல. அது அந்தக் குழு பண்ண தப்பு. மொத ஆளா இவங்க பேரத்தான் போட்டிருக்கணும்.”

என்னை ஏமாற்ற முடியுமா? “மாமா!” என்று கத்தினேன். கூடம் அதிரச் சிரித்தது. அம்மா சட்டென்று உள்ளே போய்விட்டாள். குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

மறுநாள் காலை நானும் அவளோடு பஸ் நிற்கும் இடத்துக்குப் போனேன். எல்லோரும் அந்தப் பாட்டைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். பாடியது யாராக இருக்கும் என்று ஆளுக்கொரு ஊரைச் சொன்னார்கள். அம்மா பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, “நான்தான் பாடுனேன்,” என்றாள்.

முதலில் யாரும் நம்பவில்லை. அதனால் அங்கேயே, தெருவில் நின்று பாடினாள். குனியாமல், குரலைத் தாழ்த்தாமல், முழுப் பாட்டையும் பாடினாள். ஏழு மணி பஸ் வந்து நின்றது. ஓட்டுநர் ஹாரன் அடிக்காமல், பாட்டு முடியும்வரை கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தார். அன்று தொழிற்சாலைக்கு ஐந்து நிமிடம் தாமதமாம். அதை அம்மா பல வருடங்கள் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அன்று மாலை மாமா சாப்பிட வந்தார். நான் காத்திருந்து பிடித்துக்கொண்டேன்.

“நேத்து போன் பண்ணது நீங்கதானே? சொந்தக் குழுவுக்கு நீங்களே பேசலாமா? கள்ள ஓட்டு!”

“நானா? நான் ஓவர்டைம்ல இருந்தேன் லா.”

முடிதிருத்தும் கடைக்காரர் அவரைப் பொதுத் தொலைபேசியில் பார்த்ததாக அப்பா சொல்லிவிட்டார். லைன் கிடைக்காமல் வெயிலில் ஒரு மணி நேரமாகச் சுழற்றிக்கொண்டிருந்தாராம். மாட்டிக்கொண்டாரே என்று எனக்கு ஒரே கொண்டாட்டம். தெருவில் உள்ள பிள்ளைகளிடமெல்லாம் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

திரும்பி வந்தபோது அம்மா பரிமாறிக்கொண்டிருந்தாள். மீன் தலை எப்போதும் அப்பாவுக்கு, இல்லாவிட்டால் அடம்பிடிக்கும் எனக்கு. அன்று அதை மாமாவின் தட்டில் வைத்தாள். மாமாவும் தலை நிமிராமல் சாப்பிட்டார்.

கள்ள ஓட்டுப் போட்டவருக்கு மீன் தலையா என்று கோபித்துக்கொண்டு, நான் அன்று சாப்பிடவே இல்லை.