வெத்து பிளாஷ்

அங்காளம்மன் ஸ்டுடியோ தனகோட்டியைப் பற்றிக் கேட்டால் செஞ்சியில் பாதிப் பேர் தங்கமான மனுஷன் என்பார்கள், மீதிப் பேர் வாயைத் திறந்தால் வள்ளென்று விழுவார் என்பார்கள். நான் பன்னிரண்டு வருஷமாக அவர் கடையின் பாதியில் ஜெராக்ஸ் மெஷின் போட்டு உட்கார்ந்திருப்பவள். நடுவில் ஒரு பிளைவுட் பலகைதான் தடுப்பு. அவர் தும்மினால் என் பக்கம் பேப்பர் பறக்கும். ஊர் சொல்வது இரண்டுமே உண்மை என்று எனக்குத் தெரியும். இந்த மூன்று மாதமாக அவர் மேல் எனக்கிருந்த எரிச்சலும் காரணமில்லாமல் வந்ததல்ல.

வயது அறுபத்தொன்று. சொந்த ஊர் மேல்மலையனூர். அப்பா சைக்கிள் கடை வைத்திருந்தார். மகனுக்குப் பஞ்சர் ஒட்டுவது பிடிக்கவில்லை. திண்டிவனத்தில் ஒரு ஸ்டுடியோவில் நாலு வருஷம் இருட்டறையில் கிடந்து வேலை கற்றுக்கொண்டு, எண்பத்தேழில் பழைய ஜப்பான் கேமரா ஒன்றை வாங்கிக்கொண்டு செஞ்சிக்கு வந்தார். அமாவாசைக்கு அமாவாசை மேல்மலையனூர் கோயிலில் மொட்டை போட்ட பிள்ளைகளை எடுப்பார். மற்ற நாளில் கோட்டைக்குச் சுற்றுலா வரும் பள்ளிக்கூடப் பிள்ளைகளை உள்ளே இருக்கும் கல்யாண மகால் கோபுரத்துக்கு முன்னால் வரிசை கட்டி நிறுத்துவார். முகூர்த்த நாள் என்றால் சுற்றுவட்டத்தில் எந்த ஊர்ப் பந்தலிலும் அவர் தலை தெரியும்.

டிஜிட்டல் வந்தபோது ஊரில் முதலில் மாறியவர் இவர்தான். அழுதுகொண்டு மாறியவரும் இல்லை. "சனியன் தொலஞ்சுதுடா சாமி" என்று சிரித்துக்கொண்டே மாறினார். பிலிம் காலத்தில் ஒரு கல்யாணம் எடுத்துவிட்டு, கழுவிப் பார்க்கும் வரை மூன்று நாள் அவருக்குச் சோறு இறங்காதாம். ஒருமுறை பிலிம் ரோல் கேமராவின் பல்சக்கரத்தில் மாட்டாமல் போய், முகூர்த்தம் முழுக்க ஒரு படமும் விழவில்லை. மாப்பிள்ளை வீட்டார் அடிக்க வந்தார்கள். அதையெல்லாம் பட்டவருக்குப் பிலிம் மேல் என்ன பாசம் இருக்கும்?

ஆனால் நெகட்டிவ்களை மட்டும் அவர் எறியவில்லை. ஊர்வாரியாக, வருஷவாரியாக முப்பது பிஸ்கெட் தகர டப்பாக்களில் போட்டுப் பரண் மேல் வைத்திருக்கிறார். செத்துப்போன தாத்தா, தொலைந்துபோன அண்ணன் என்று யாராவது தேடி வருவார்கள். டப்பாவைத் திறந்து எடுத்துக் கொடுப்பார். அதனால்தான் அவருக்கு அந்தத் தங்கமான மனுஷன் பட்டம்.

போன வருஷம் கோட்டையை உலகப் பாரம்பரியச் சின்னம் என்று அறிவித்ததிலிருந்து சனி, ஞாயிறுகளில் சென்னையிலிருந்து பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். அதில் பத்துக்கு ஒருத்தர் கழுத்தில் பழைய பிலிம் கேமரா. "அங்கிள், ரோல் கிடைக்குமா? பேட்டரி கிடைக்குமா? உங்ககிட்ட பழைய கேமரா இருந்தா குடுப்பீங்களா?" என்று வந்து நிற்பார்கள். தனகோட்டிக்கு முகம் சுருங்கிவிடும். "ஊர்ல எல்லாருக்கும் எல்.இ.டி. வந்துட்டுது, இதுங்க சிமினி வெளக்குக்குத் திரி கேட்டுக்கினு திரியுதுங்க" என்று என்னிடம் பொரிவார். எனக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது, கலைச்செல்வி வரும்வரை.

கலைச்செல்விக்கு முப்பத்து மூன்று வயதிருக்கும். தளவானூரில் பிறந்தவள், திண்டிவனத்தில் நர்ஸ் வேலை. கார்த்திகை மாதம் ஒரு மதியம் டூட்டி முடித்த களைப்போடு வந்து, தனகோட்டியின் கல்லாவுக்கு முன்னால் நின்றாள்.

"சார், தொண்ணூத்தேழுல அனந்தபுரத்துல ஒரு பெரிய வூட்டுக் கல்யாணம் எடுத்தீங்களே, நெனப்பிருக்குதா? எங்கம்மா மாரியம்மாள். அந்த வூட்டு நெலத்துலதான் நடவு செய்யும். கல்யாணத்தன்னிக்கு சமையக்கட்டுல ஏனம் கழுவப் போயிருந்துது. என்னையும் இட்டுக்கினு போச்சு. நீங்க எங்க ரெண்டு பேரையும் நிக்க வெச்சு ஒரு போட்டோ எடுத்தீங்க."

அவள் அம்மா அடுத்த இரண்டாம் வருஷம் பாம்பு கடித்துப் போய்ச் சேர்ந்துவிட்டாள். வோட்டர் அட்டைக்குப் படம் எடுக்க ஆட்கள் வந்த அன்றுகூட நடவுக்குப் போயிருந்தாளாம். அப்பாவுக்கு அட்டை இருந்தது, அதிலிருந்து பெரிதாக்கி மாட்டியாயிற்று. அம்மா முகம் எங்கேயுமே இல்லை. ஏழு வயதில் பறிகொடுத்த பெண்ணுக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கும்? தை மாதம் தளவானூரில் அவள் கட்டிய வீட்டுக்குக் கிரகப்பிரவேசம். பால் காய்ச்சுவதற்கு முன்னால் அம்மா படத்துக்கு முன் படையல் போட வேண்டும். அதுதான் அவள் ஆசை.

"பெரிய வூட்டு ஆல்பத்தையும் போய்ப் பாத்துட்டேன் சார். அதுல இல்ல. எல்லாப் போட்டோவையும் ஆல்பத்துல ஒட்டியிருக்க மாட்டாங்க, நெகட்டிவ் உங்ககிட்ட இருக்கும்னு சொன்னாங்க. எங்கம்மா சாவற வரைக்கும் சொல்லிக்கினே இருந்துது சார், பெரிய வூட்டு ஆல்பத்துல நம்ம ரெண்டு பேரும் இருக்கறோம்னு."

தனகோட்டி மேஜையைப் பார்த்துக்கொண்டே, "தேடிப் பாக்கறம்மா, அடுத்த மாசம் வா" என்றார்.

அவள் போனதும் பலகைக்கு மேலால் தலையை நீட்டி என்னைக் கூப்பிட்டார். "கவிதா, அந்தப் பொண்ணு கேக்கற போட்டோ இல்ல."

"கெட்டுப் போச்சா?"

"எடுக்கவே இல்ல."

அப்புறம்தான் சொன்னார். ஒரு ரோலில் முப்பத்தாறு படம். கெட்டிக்காரன் இழுத்துப் பிடித்தால் முப்பத்தெட்டு. கல்யாண வீட்டார் மூன்று ரோலுக்குத்தான் பேசியிருப்பார்கள். ஆனால் போட்டோ எடுக்கிறார்கள் என்றால் பந்தலில் இருக்கும் அத்தனை பேருக்கும் வந்து நிற்க ஆசை. கேமராவின் மேல் மாட்டும் பிளாஷின் முதுகில் ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு, எரிகிறதா என்று சோதித்துப் பார்ப்பதற்கு. அதை அமுக்கினால் வெளிச்சம் மட்டும் அடிக்கும், பிலிம் அப்படியே இருக்கும். மேளச் சத்தத்தில் கேமரா சத்தம் கேட்டதா என்று யார் பார்க்கப் போகிறார்கள்? இதற்கு அவர்கள் வைத்திருந்த பெயர் வெத்து பிளாஷ். வீட்டுக்காரர் ஒரு ஓரமாகக் கண்ணைக் காட்டுவார். இவர் பொத்தானை அமுக்குவார். நின்றவர்கள் புடவையைச் சரிசெய்துகொண்டு சந்தோஷமாகக் கலைந்து போவார்கள்.

யாருக்கு வெத்து பிளாஷ்? தூரத்துச் சொந்தத்துக்கு. ஓயாமல் குறுக்கே வந்து நிற்கும் பிள்ளைகளுக்கு. ஏனம் கழுவ, விறகு தூக்க வந்த ஆட்களுக்கு, கட்டாயமாக.

"அந்தக் கல்யாணத்துல பொண்ணோட அப்பா 'அவுங்களும் ஆசப்படறாங்க, ஒண்ணு எடுப்பா'ன்னாரு. சொல்லிட்டுக் கண்ணக் காட்டனாரு. அவ்ளோதான்."

எனக்கு வந்ததே கோபம். "இத அந்தப் பொண்ணுகிட்ட சொல்றதுக்கு இன்னா? எதுக்கு அடுத்த மாசம் வரச் சொன்னீங்க?"

"நான் ஒருத்தனா செஞ்சேன்? ஊரே செஞ்சுது. சொல்லிட்டா அதுக்கு மனசு வுட்டுப் போயிடும். தேடிக்கினு இருக்கறன்னா ஒரு நம்பிக்கையாவது இருக்குமில்ல."

நம்பிக்கையாம்! அவளுக்கு நம்பிக்கை கொடுக்கிற சாக்கில் இவர் தன் பயத்தை மூடிக்கொண்டார். அன்றிலிருந்து நான் தினமும் நச்சரித்தேன். ஒரு போன் போட்டுச் சொல்லுங்கள் என்றேன். நாளைக்கு என்றார். நாளைக்குப் பவுர்ணமி, கோட்டை மேல் கூட்டம் என்றார். வெட்கம் கெட்ட மனுஷன், கலைச்செல்வியின் முகத்தைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பழைய படம் மாதிரி ஒன்று செய்து கொடுத்துவிடலாமா என்றுகூட ஒருநாள் கேட்டார். "செஞ்சு பாருங்க, நான் கடையக் காலி பண்ணிட்டுப் போறேன்" என்றதும் அடங்கினார்.

மார்கழியில் அவள் மறுபடி வந்தாள். அன்றைக்கு லீவு போட்டிருந்தாள். "நீங்க ஒருத்தரா தேடறது கஷ்டம் சார், நானும் கூட உக்காந்து பாக்கறேன்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். உட்கார்ந்ததும் அவர் காலைப் பார்த்துவிட்டு, "கால் வீங்கியிருக்குதே சார், சுகர் பாத்தீங்களா? நாளைக்கு வெறும் வயித்துல ரத்தம் குடுங்க" என்று ஒரு சீட்டில் எழுதியும் கொடுத்தாள். அவர் அதை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அப்போதாவது வாய் திறந்தாரா? பரணில் ஏறி அனந்தபுரம் டப்பாக்களை இறக்கி அவள் முன்னால் வைத்தார்.

மூன்று மணி நேரம். ஒவ்வொரு துண்டாக எடுத்து டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். நெகட்டிவில் வெள்ளை வேட்டி கறுப்பாக இருக்கும், முகம் இருட்டாக இருக்கும், கறுத்த தலைமுடியெல்லாம் வெள்ளையாகத் தெரியும்.

"எல்லாரும் கெழவி மாதிரி இருக்காங்களே சார்" என்று சிரித்தாள். அடுத்த துண்டை எடுத்துக்கொண்டே, "எங்கம்மாவுக்கு நரைக்கவே இல்ல" என்றாள்.

நான் ஜெராக்ஸ் எடுக்க வந்தவரின் ஆதார் கார்டைத் தலைகீழாக வைத்துவிட்டேன்.

அந்தக் கல்யாணத்தின் மூன்று ரோலில் ஒன்று கிடைத்தது. அதன் கடைசித் துண்டைப் பிடித்துக்கொண்டு, "இதோ சார், இந்தப் பந்தக்கால்! இதுங்கிட்டதான் நாங்க நின்னோம்" என்று கத்தினாள். பந்தக்கால் இருந்தது, வாழைமரம் இருந்தது. பக்கத்தில் பெரிய வீட்டு மருமகப்பிள்ளைகள் நால்வர் கூலிங் கிளாஸ் போட்டு நின்றிருந்தார்கள். "அடுத்ததா எங்களத்தான் எடுத்தீங்க. அப்ப அடுத்த ரோலா இருக்கும், இல்ல சார்?"

"இருக்கும்மா" என்றார் தனகோட்டி. அந்த நிமிஷம் அந்தத் தகர டப்பாவாலேயே அவர் மண்டையில் போடலாம் போல இருந்தது எனக்கு. நானாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் வாயால் வரவேண்டியதை நான் எதற்குச் சொல்ல வேண்டும் என்று ஒரு வீம்பு. அந்த வீம்புக்கு இப்போது வெட்கப்படுகிறேன்.

பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை அவள் மூன்றாம் முறை வந்தாள். கிரகப்பிரவேசத்துக்கு எட்டு நாள்தான் இருந்தது. கையில் மஞ்சள் தடவிய பத்திரிகை. தனகோட்டிக்கு ஒன்று, எனக்கு ஒன்று. அவள் உட்காருவதற்குள் கோட்டையிலிருந்து வெயிலில் காய்ந்து ஒரு பையன் உள்ளே வந்தான். இருபத்தைந்து வயதிருக்கும், சென்னையில் கம்ப்யூட்டர் வேலை, பெயர் இனியன். கழுத்தில் வழக்கம்போலப் பிலிம் கேமரா. கண்ணாடி அலமாரியில் இருந்த தனகோட்டியின் பழைய கேமராவைப் பார்த்ததும் அவன் கண் விரிந்தது. கொடுக்கிறீர்களா என்று கேட்டான். இது இன்னும் நாற்பது வருஷம் ஓடும் என்றான். தனகோட்டி பத்திரிகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவன் விடவில்லை. "டிஜிட்டல்ல ஆயிரம் எடுக்கறோம் அங்கிள், ஒண்ணையும் திரும்பிப் பாக்கறதில்ல. பிலிம்ல ஒவ்வொரு படத்துக்கும் மதிப்பு இருக்கு. எண்ணி முப்பத்தாறுதான். யோசிச்சு யோசிச்சுத்தானே எடுத்திருப்பீங்க?"

தனகோட்டி எழுந்து நின்றார். அவர் கோபத்தை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், ஆனால் இப்படிப் பார்த்ததில்லை.

"யோசிச்சோம்டா. நல்லா யோசிச்சோம். யார எடுக்கறது, யார வுடறதுன்னு யோசிச்சோம். நிக்க வெச்சு, வெளிச்சத்த மட்டும் மூஞ்சில அடிச்சு, போட்டோ எடுத்தாச்சு போங்கன்னு அனுப்பனோம். இன்னிக்குப் பிச்ச எடுக்கறவன்கூட போன்ல அவன் ஆத்தா மூஞ்சிய வெச்சிருக்கறான். அன்னிக்கு எத்தன பேரு மூஞ்சி இல்லாமப் போனாங்க தெரியுமா? மதிப்பாம் மதிப்பு! எடுத்துக்கினு போடா, சும்மாவே எடுத்துக்கினு போ!"

பையன் மிரண்டு வெளியே போய்விட்டான். பாவம், அவன் என்ன செய்வான்.

கலைச்செல்வி மேஜைக்கு அருகே வந்தாள்.

"சார், எங்களுக்குமா?"

"ஆமாம்மா" என்றார். சொல்லிவிட்டு நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "பொத்தான மட்டும் அமுக்கனேன். அவுரு கண்ணக் காட்டனாரு, நான் அமுக்கனேன். மன்னிச்சுக்க தாயி."

அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எங்கள் இருவருக்குமே நன்றாக இருந்திருக்கும். அவள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அவருக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

"சரி சார். போட்டோ இல்ல. நீங்க எங்க எதுருல நின்னீங்க இல்ல? அந்த வெளிச்சம் அடிக்கறப்ப நான் கண்ண மூடிக்கினேன், எனக்குத் தெரியல. எங்கம்மா எப்படி இருந்துது? சிரிச்சுதா? என்ன மாதிரி இருக்குமா, வேற மாதிரி இருக்குமா? இன்னா நெனப்பிருக்குதோ அத மட்டும் சொல்லுங்க சார், போதும்."

ஒரு பொய் சொன்னால் போதும், சிரித்தாள் என்று. மூன்று மாதம் மழுப்பிய மனுஷனுக்கு அந்த ஒரு பொய் மட்டும் வாயில் வரவில்லை.

"பாக்கலம்மா" என்றார். "வெத்து பிளாஷுக்குக் கேமராவுல கண்ண வெக்க மாட்டோம். கை பொத்தான அமுக்கும், கண்ணு அடுத்து யார நிக்க வெக்கறதுன்னு தேடிக்கினு இருக்கும்."

அவள் எழுந்தாள். பத்திரிகையைத் திரும்ப எடுத்துக்கொள்வாள் என்று நினைத்தேன், அதைத் தொடவில்லை. வாசல் வரை போய்த் திரும்பி நின்றாள்.

"பாக்கறதுக்கு பிலிம் செலவாவாதே சார்" என்றாள்.