ஓலைக் குடிசை என்று எழுதிய பத்திரம்

நைனா கண்ணை மூடினால் எங்கள் அம்மாவைத் தெருவில் நிறுத்துவேன் என்று பெரியப்பா ஊரறியச் சொல்லிக்கொண்டு திரிந்தார். சும்மா சொல்லும் ஆள் இல்லை அவர். நைனாவுக்கோ ஹார்பரில் நிலக்கரி இறக்கி இறக்கி நெஞ்சு போய்விட்டிருந்தது. அதனால் உயிரோடு இருக்கும்போதே எர்ணாவூர் வீட்டை அம்மா பெயருக்கு எழுதிவைக்கக் கிளம்பினார். படிக்கத் தெரிந்தவள் என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் பத்திரம் எழுதுகிறவன் எடுத்த எடுப்பிலேயே, "டிரஸ்ட்டுன்னு ஒண்ணு கீது நைனா, அதெல்லாம் பங்களாக்காரன் செலவு. உனக்கு பொண்டாட்டி பேருக்கு எழுதிக் குடுக்கற செட்டில்மெண்ட் பத்திரம் போதும்" என்றான். அதற்கே முத்திரைத்தாள், எழுத்துக்கூலி, உள்ளே மாமூல், சாட்சிகளுக்கு பிரியாணி. சொந்த வீட்டைச் சொந்தப் பெண்டாட்டிக்குக் கொடுக்க எத்தனை பேருக்கு வாய்க்கரிசி போடுவது!

நைனாவின் முகம் சுண்டியதும் அவன் குரலைத் தாழ்த்தினான். "பேஜாராவாதே. ஓட்டு வூடுன்னு எழுதினா மதிப்பு ஏறும், முத்திரையும் ஏறும். ஓலைக் குடிசைன்னு போட்டுக்கிறேன். துட்டு மிச்சம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மா கம்மலை விற்று வாங்கிப் போட்ட மங்களூர் ஓடு அது.

"எங்க வூட்டை இன்னாத்துக்குய்யா குடிசைன்னு எழுதறே?" என்று கத்தினேன்.

"சும்மா இரும்மே. பேப்பர்ல எழுதினா ஓடு பறந்தா பூடும்?" என்றார் நைனா.

எழுத்துக்கூலியில் மட்டும் ஒரு பைசா குறைத்தானா அந்தக் கட்டையில போறவன்?

நைனா கண்ணை மூடியதும் பெரியப்பா வந்தார். பத்திரத்தைக் காட்டினோம், வாயை மூடிக்கொண்டு போனார். அதுவரைக்கும் அது உதவியது. சில வருஷம் கழித்துத் தொழிற்சாலைக்கு ரோடு போடவென்று எங்கள் வரிசை வீடுகளைச் சர்க்கார் எடுத்துக்கொண்டது. நஷ்டஈடு கணக்குப் போட வந்த அதிகாரி எங்கள் நடுவீட்டில், எங்கள் ஓட்டின் நிழலில் நின்றுகொண்டு பத்திரத்தைப் படித்தார். குடிசைக்கு உண்டானதுதான் கிடைக்கும் என்றார்.

அம்மாவுக்கு ஆவேசம் வந்துவிட்டது. "தலையத் தூக்கிப் பாருய்யா! மேல இன்னா கீது? கண்ணு அவிஞ்சி பூச்சா?"

"உங்க வூட்டுக்காரர் எழுதிக் கொடுத்ததுதானேம்மா. எனக்குப் பத்திரம்தான் கண்ணு" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். நாசமாய்ப் போக! பெரியப்பாவால் முடியாததைச் சர்க்கார் முடித்துவிட்டது.

குடிசைக்குக் கொடுத்த காசில் தண்டையார்பேட்டையில் ஒரு வாடகை அறைதான் கிடைத்தது. வீட்டை இடிக்கிற அன்று அம்மா மூட்டை முடிச்சோடு தெருவில் நின்றாள். கான்ட்ராக்டர் ஆட்கள் சுவரில் கைவைக்கவில்லை; முதலில் கூரைமேல் ஏறினார்கள். என்ன பக்குவம், என்ன மரியாதை! ஒவ்வொரு ஓடாகக் கைமாற்றி இறக்கி, வைக்கோல் போட்டு லாரியில் அடுக்கினார்கள். கீழே நின்ற மேஸ்திரி அம்மாவை ஓரமாகத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, மேலே பார்த்துக் கத்திக்கொண்டே இருந்தான்.

"ஓடு பத்திரம்டா! டேய், ஓடு பத்திரம்!"