அத்தையின் டைரக்டரி

மாமா எதையும் ஒருமுறை பார்க்காமல் அழிக்க மாட்டார். அம்மாவின் தம்பியான அவர் பொத்தேரிப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் யூனிக்ஸ் சர்வரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கு மவுஸ் கிடையாது. கறுப்புத் திரையில் கட்டளைகளை அடித்துத்தான் எல்லாம் நடக்கும். rm என்று அடித்தால் கோப்பு அழியும். நிச்சயம்தானா என்று அது கேட்காது, பிறகு அழுதாலும் திருப்பித் தராது. ஆகையால், அழிக்க வேண்டியதன் பெயரோடு முதலில் ls என்று அடித்துப் பட்டியலைப் பார்ப்பார். சரிதான் என்று தெரிந்த பிறகே ls இருந்த இடத்தில் rm போடுவார்.

வீட்டிலும் அப்படித்தான். ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் வீட்டு மாடியில் அவரும் அத்தையும் குடியிருந்தார்கள். பழைய பேப்பர்காரரிடம் போடும் முன் ஒவ்வொரு நாளிதழையும் பிரித்து உதறிப் பார்ப்பார். காய்கறித் தோலைக்கூட இவர் ls போட்டுத்தான் கொட்டுவார் என்று அத்தை கேலி செய்வாள்.

அத்தை அதே கல்லூரியில் லேப் இன்ஸ்ட்ரக்டர். நான் ஏழாவது படித்த வருடத்து மழைக்காலத்தில் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனாள். திரும்பி வரவில்லை.

அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் மாமா என்னையும் கல்லூரிக்கு அழைத்துப் போகத் தொடங்கினார். அம்மா பள்ளி ஆசிரியை. அவளுக்கு அன்று வேலை உண்டு. அதனால் மாமா என்னைப் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. உண்மையில் அவரைப் பார்த்துக்கொள்ளத்தான் அம்மா என்னை அனுப்பினாள் என்பது வெகு காலம் கழித்தே எனக்கு விளங்கியது. தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறிப் பொத்தேரியில் இறங்கும்வரை அவர் பேசியதாக நினைவில்லை. நான்தான் பேசிக்கொண்டு வருவேன்.

சர்வர் அறையில் எனக்கு ஒரு ஸ்டூல் உண்டு. அதில் உட்கார்ந்து திரையைப் பார்த்தே சில கட்டளைகள் எனக்குப் பழகிவிட்டன. finger என்றொரு கட்டளை இருந்தது. ஒருவர் பெயரோடு சேர்த்து அதை அடித்தால், அவர் கடைசியாக எப்போது உள்ளே வந்தார் என்று காட்டும். அவர் எழுதி வைத்த குறிப்பு ஏதாவது இருந்தால் கீழே அதையும் காட்டும். மாமா வந்து உட்கார்ந்ததும் முதல் வேலையாக அத்தையின் பெயரைப் போட்டு அதை அடிப்பார். ‘காய்ச்சல். திங்கட்கிழமை வந்துவிடுவேன்’ என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வரும். அதைப் படித்துவிட்டு வேலையைத் தொடங்குவார். சர்வர் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்கும் சோதனை அது என்று நான் நினைத்திருந்தேன்.

அந்த ஆண்டு டிஸ்க் நிரம்பிவிட்டது. எவ்வளவு இடம் மிச்சம் என்று பார்க்க df அடித்தால் ஒன்றுமே இல்லை என்று வந்தது. இறுதியாண்டு மாணவர்களால் ப்ராஜெக்ட்டைச் சேமிக்க முடியவில்லை. கல்லூரியில் இல்லாதவர்களின் சர்வர் கணக்குகளைக் கோப்புகளோடு நீக்கிவிடும்படி பிரின்சிபால் அறையிலிருந்து ஒரு பட்டியல் வந்தது. வேறு வேலைக்குப் போனவர்களின் பெயர்களோடு அத்தையின் பெயரும் அதில் இருந்தது. எல்லோருக்கும் எதிரே ‘விலகியவர்’ என்று ஒரே சொல். அம்மா மட்டும் மாமாவிடம், அவள் எழுதி வைத்ததையெல்லாம் ஒன்று விடாமல் எடுத்து வீட்டுக்குக் கொண்டு வந்துவிட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினாள்.

அந்தச் சனிக்கிழமை மாமா தம் முறை வழுவாமல் வேலை செய்தார். ஒவ்வொருவரின் கோப்புகளும் இருக்கும் டைரக்டரியை ls போட்டுப் பார்ப்பார். tar கட்டளையால் மொத்தத்தையும் கட்டி, பத்திரமாக வைக்க டேப்பில் ஏற்றுவார். ஏற்றியதை டேப்பிலிருந்து மறுபடி படித்துப் பார்ப்பார். படித்துப் பார்க்காத டேப் வெறும் பிளாஸ்டிக் என்பார். அதன் பிறகே rm.

அத்தையின் முறை கடைசியாக வந்தது. ls போட்டார். வினாத்தாள்கள், சி புரோகிராம்கள், கடிதங்கள், ஊட்டி என்று ஒரு கோப்பு. அவர்கள் ஊட்டிக்குப் போனதே இல்லை. மறுபடியும் ls போட்டார். அதே பட்டியல். இன்னொரு முறை. அவருக்கு அடுத்த கட்டளை மறந்துவிட்டதோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது.

“மாமா, அடுத்தது டேப்பு” என்றேன்.

“ம்” என்றார். ஆனால் mv அடித்து, அந்த டைரக்டரியை அப்படியே /tmp என்ற இடத்துக்கு நகர்த்தினார். கணக்கை நீக்கினார். காலி டேப் ஒன்று மேசைமேல் இருந்தது.

/tmp என்னவென்று எனக்குத் தெரியும். மாணவர்களிடம் அவர் சலிக்காமல் சொல்லும் பாடம் அது. “அது தாம்பரம் பிளாட்பாரம் மாதிரிப்பா. கொஞ்ச நேரம் உக்காரலாம், குடித்தனம் பண்ணக் கூடாது.” சர்வரை நிறுத்திக் கிளப்பினால் அங்கே இருந்தது எதுவும் மிஞ்சாது.

சாப்பாட்டு டப்பாவை மூடும்போது மின்விசிறி நின்றது. யுபிஎஸ் கூவ ஆரம்பித்தது. லேப் அட்டெண்டர் அண்ணா எட்டிப் பார்த்தார்.

“சார், டிரான்ஸ்பார்மர் புட்டுகிச்சாம். கரண்டு வர சாயங்காலம் ஆவும்னு சொல்லிகினு கீறாங்க.”

“பேட்டரி எவ்ளோ நேரம் தாங்கும்?”

“அதுவே பேஜாரு சார். நீங்க ஒரு டீ குடிச்சிட்டு வர்ற நேரம் தாங்குனா பெரிசு.”

மாமா டீ குடிக்கப் போகவில்லை. யாராவது உள்ளே இருக்கிறார்களா என்று who அடித்துப் பார்த்தார். யாரும் இல்லை. நினைவகத்தில் நிற்பதை டிஸ்க்கில் எழுத sync அடித்தார். பிறகு, சர்வரை நிறுத்தும் கட்டளையை எழுத்தெழுத்தாக அடித்தார். என்டர் மட்டும் பாக்கி. அவர் கை விசைக்கு மேலேயே நின்றது.

“மாமா, அத்தையோடது /tmp-ல இருக்கு” என்றேன்.

“பாத்துட்டேன்டா கண்ணு.”

என்டரைத் தட்டினார். திரை அணைந்தது. யுபிஎஸ் இன்னும் கூவிக்கொண்டிருந்தது. நாங்கள் வராந்தாவுக்கு வந்த பிறகும் அந்தச் சத்தம் கேட்டது.

இன்று எனக்கும் இதே வேலைதான். அத்தையின் கோப்புகள் எல்லாம் சேர்ந்தும் அந்த டேப்பின் ஒரு மூலைக்குக் காணாது. அந்த பேட்டரி தாங்கிய நேரத்தில் அவற்றை ஏற்றிப் படித்தும் பார்த்திருக்கலாம். அன்று அந்தக் கணக்கு எனக்குத் தெரியாது.

மாலையில் அம்மா பள்ளிப் புடவையைக்கூட மாற்றாமல் வாசலிலேயே கேட்டாள். “எல்லாத்தையும் எடுத்துட்டியாடா?”

“கரண்டு போயிடுச்சுக்கா” என்றார் மாமா.

அம்மா மின்வாரியத்தைத் திட்டினாள், பிறகு உட்கார்ந்து அழுதாள். நான் மாமாவைப் பார்த்தேன். ஊருக்கெல்லாம் சொல்லும் பாடத்தை அவரே மறந்துவிட்டாரே என்று எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. காட்டிக்கொடுக்கக் கூடாது என்று முடிவு செய்தேன். அவர் மானத்தைக் காப்பாற்றிவிட்டதாக ஒரு பெருமிதம்கூட இருந்தது.

அடுத்த சனிக்கிழமை மாமா வந்து உட்கார்ந்ததும் finger அடிக்காமல் நேராக வேலையில் இறங்கினார்.

“சர்வர் நல்லா ஓடுதான்னு பாக்கலையா மாமா?”

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். “நல்லாத்தான் ஓடுது” என்று சொல்லி, எனக்காக df அடித்துக் காட்டினார். டிஸ்க்கில் நிறைய இடம் காலியாக இருந்தது. அதை நல்ல செய்தி என்றே எடுத்துக்கொண்டேன்.